நான்காம் குரல்

மூடியைத் திறந்து வைத்தால் ஒழுங்காகப் பாடுகிறது.
மூடினால், இருபதாவது நிமிடம்,
ஆறு குரல்களில் ஒன்று மெல்லச் சறுக்குகிறது.
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளைபோல
என் மேசையில் மட்டும் யோக்கியம்.

ரீகாவிலிருந்து ஸ்டாக்ஹோம் போகும் கப்பலில்
இரவு நடனத்துக்கு வாசிக்கிறவன் தாலிவால்டிஸ்.
மூடிப்போன உணவகம் ஒன்றின் கிடங்கிலிருந்து
போன இலையுதிரில் மலிவாக வாங்கிய சிந்தசைசர்.
"ஆறு தடவை அழுத்தினால் ஒரு தடவை
குடித்தவன் மாதிரி வருகிறது."
யார் குடித்தவன், என்றேன்.
சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கப்பல்.

முதலில் கண்டென்சர்கள்.
வீட்டில் காசு தொலைந்தால் வேலைக்காரியைச்
சோதிக்கிற மாதிரி, எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறோம்.
பதினொன்றைக் கழற்றி அளந்தேன்.
பதினொன்றும் நிரபராதி.
மின்சாரம் வரும் வழி: பதினைந்து வோல்ட், இம்மி அசையவில்லை.
இரண்டாம் குரலின் சிப்பை நான்காவதில் பொருத்தினேன்.
நோய் சிப்போடு போகவில்லை.
வாடகை கொடுக்காத குடித்தனக்காரன்போல
இருந்த இடத்திலேயே இருந்தது.

வெளியே டௌகாவா உறைந்து கிடக்கிறது.
உள்ளே நான் ஹேர்டிரையரைப் பிடித்துக்கொண்டு
ஒரு கட்டைவிரல் அகலக் கோடையை ஊதுகிறேன்.
அலைகாட்டியில் பச்சைப் பற்கள் அகல்கின்றன.
சுரம் இறங்குகிறது.
குளிர்த்தெளிப்பானால் ஒரு பீச்சு:
ஏறுகிறது.

இங்கேதான்.

முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு டிரான்சிஸ்டர்கள்.
அவற்றின் மேல் சாய்ந்தபடி ஒரு மின்தடை இருக்க வேண்டும்,
அவை சுட்டால் தானும் சுட்டு,
சுட்ட அளவுக்குத் தன்னை மாற்றிக்கொள்கிற சாதி.
இருந்தது ஒரு பழுப்பு நிறத்து சாதாரணம்.
அடுப்படியில் உட்கார்ந்தும் வியர்க்காதது.
ஈயம் இடப்பக்கம் சாய்ந்து பற்றவைத்திருந்தது.
அதன் மேல்
சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி.

தொண்ணூற்று மூன்று, பிப்ரவரி.
ரேடியோ தொழிற்சாலை சம்பளத்துக்குப் பதில்
பல்புகள் கொடுத்த மாதம்.
சரியான பாகம் ஜெர்மனியில் இருந்தது.
அதன் தபால் செலவு என் வீட்டு வாடகை.
இப்போதைக்கு, என்று சொல்லிக்கொண்டு
கைக்குக் கிடைத்ததை வைத்தேன்.
திரும்பி வந்து மாற்ற வேண்டும் என்பதற்கே அந்தப் புள்ளி.
அப்போதெல்லாம் நகத்துக்குப் பூச்சு போடுவேன்.

எத்தனை திருமணங்களில் சறுக்கியிருக்கும் அந்த இப்போதைக்கு?
எத்தனை பேர் தங்கள் கால்களையே நொந்துகொண்டார்கள்?

இன்று அந்தப் பாகம் இழுப்பறையில் பை நிறைய.
பசை தடவிச் சாய்த்து வைத்தேன்.
மூடியை மூடினேன்.
இருபது நிமிடம். நாற்பது.
தேநீர் ஆறிப்போனது. சுரம் அசையவில்லை.

"என்ன கோளாறு?"
பழைய ரிப்பேர், என்றேன்.
"எந்த முட்டாள் செய்தானோ."

பாகத்தின் விலையை மட்டும் எழுதி,
கூலிக் கட்டத்தில் கோடு போட்டு,
இடது கையால் கையெழுத்திட்டேன்.
அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கப்பல் ஐந்தரைக்கு.