ஜவ்வரிசி மலையேறிய மாதம்

பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
கூடைக்குள்ளேயே வாந்தி எடுத்தது.
பதினாறில் கத்துவதை நிறுத்திவிட்டது.
அதுதான் பயமாக இருக்கிறது என்றாள் பிரகாசி,
மடியில் கூடை, கூடைமேல் இரண்டு கையும்.
பதிவு அலுவலகத்தில் மாற்றிய மாலைகள்
ஜீப்பின் பின்சீட்டில் வாடிக்கொண்டு வந்தன.

வெள்ளைப் பூனை.
அயோத்தியாப்பட்டணம் ஆலைக் களத்தில்
காயப்போட்ட மாவுக்கு நடுவே
கண் திறக்காமல் கிடந்ததாம்.
கணக்கெழுதுகிறவள் இங்க் பில்லரில்
ஆட்டுப்பால் ஊட்டி எடுத்தாள்.
பேர் வைக்க யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மஞ்சக்குட்டையில் என் வீடு இரண்டே அறை.
பதினொரு வருஷம் ஒருவன் மட்டும் இருந்ததால்
எல்லாச் சாமானும்
ஒருவன் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.
பூனை எதையும் பார்க்கவில்லை.
நேராகக் கட்டிலுக்கு அடியில் போனது,
அவளுடைய திறக்காத பெட்டிக்குப் பின்னால்.

காப்பித் தோட்டத்தில் ஆளுக்கொரு வைத்தியம்:
சாக்கில் போட்டு மூணு சுத்து சுத்து,
வந்த வழி மறந்துபோகும்.
ரெண்டு நாள் பட்டினி போடு, தானா வரும்.
டேய், ஒரு கிண்ணம் பால் வைடா, அவ்வளவுதான்.

ஆலைக் கணக்கை முடித்துக் கொடுக்கும்வரை
அவள் முதல் பஸ்ஸில் இறங்கி
கடைசி பஸ்ஸில் ஏறினாள்.
எனக்குக் கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதி வைத்தாள்:
பால் வேண்டாம், பெரிதான பிறகு வயிற்றுக்கு ஆகாது.
மீனை உப்பில்லாமல் வேக வை. முள் ஒன்றுகூட இருக்கக் கூடாது,
விரலால் பிசைந்து பார்.
வெங்காயம் பட்ட கரண்டியைப் போடாதே.
தண்ணீர் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், தள்ளி வை.
தலையணை உறையைத் துவைக்காதே, அதில் பழைய வீடு இருக்கிறது.
கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு:
இழுக்காதே.

இழுக்கவில்லை.
தரையில் குப்புறப் படுத்து
மேட்டூர் ஜிலேபி மீனை உதிர்த்துத் தள்ளினேன்.
இருட்டில் இரண்டு பச்சைப் பொட்டு.
காலையில் தட்டு வைத்தபடி இருந்தது,
எறும்புகள்தான் சாப்பிட்டிருந்தன.

அவளும் தட்டில் பாதி மிச்சம் வைத்தாள்.
பசியில்லை என்பாள்.
குளிர் என்பாள், ஜன்னலை நிறைத்த மூடுபனியைப் பார்த்தபடி.
உப்பு எங்கே, சீயக்காய் எங்கே,
இந்தத் துணியை எங்கே மாட்டட்டும் என்று
விருந்துக்கு வந்தவள்போல் கேட்பாள்.
பில்லின் பின்பக்கம்
அதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஐந்தாம் ராத்திரி என்று நினைக்கிறேன்.
ஓட்டின் மேல் சவுக்கு இலை உதிர்கிற மாதிரி
ஒரு சத்தம்.
பிறகு நாக்கு தட்டைத் தொடும் சத்தம்.
இருவரும் விழித்திருந்தோம்.
இருமல் வந்தது எனக்கு, விழுங்கினேன்.
அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்,
அசையாதே என்பதற்காகத்தான்.
தின்று முடித்த பிறகும் பிடித்திருந்தாள்.

அப்புறம் தட்டை நாளுக்கு ஒரு சாண் நகர்த்தினேன்,
கட்டிலில் இருந்து வாசல் நிலைக்கு,
நிலையிலிருந்து அடுப்படிக்கு.
நடுவில் குரங்கு ஓட்டில் குதித்த அன்று
எல்லாம் பழையபடி பெட்டிக்குப் பின்னால் போயிற்று.
மறுபடி ஒரு சாண். மறுபடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
ஜவ்வரிசி அடுப்படிக் கதவில் கன்னத்தைத் தேய்த்தது,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
கேஸ் சிலிண்டரில், என் கால்சட்டையில்கூட.
முத்திரை குத்துது, என்றாள் பிரகாசி.
அன்றைக்குச் சிரித்தாள்.

நேற்று அதிகாலை நான்கு மணி,
லோடு ஏற்றப் போக வேண்டும், கரண்ட் இல்லை.
முட்டை வேகவைத்து உப்புக்குக் கையை நீட்டினால்
வெறும் பலகை.
பதினொரு வருஷமாக அங்கேதான் இருந்தது டப்பா.
தடவினேன். சர்க்கரை கிடைத்தது, தீப்பெட்டி கிடைத்தது,
வாலை மிதித்துத் திட்டு வாங்கினேன்.
உள்ளே அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்,
கட்டிலுக்கு அடியில் பெட்டி இல்லை.

உப்பில்லாமல் தின்றுவிட்டு
மஞ்சள் கருவில் பாதியைப் பூனைக்கு வைத்து
ஜீப்பை எடுத்தேன்.