நாற்பத்தெட்டு வோல்ட்

பன்னிரண்டைக் கொடுத்தால் நாற்பத்தெட்டு வரவேண்டும்.
வந்தது. கூடவே ஒரு கீச்சும் வந்தது,
கராவோக்கே கடை மூடியபோது
எழுபது வெள்ளிக்கு வாங்கிய மைக்கில்.

பீடோங்கில் மில் சங்கு ஊதி
இரவு ஷிப்டு லோரி போனபின்
சமையல் மேசையில் பலகையைக் கவிழ்த்தேன்.
ஜன்னலில் புளித்த செம்பனை வாடை.
லோகநாயகி ஹெட்போனை மாட்டிக்கொண்டு
"இன்னும் இருக்கு" என்றாள்.

டயோடை மாற்றினேன். இருக்கு.
ஆ ஹெங் கடைச் சுருளைத் தொட்டேன், சுட்டது.
தடித்த கம்பியில் நானே சுற்றினேன், அறுபது சுற்று,
நடுவில் எண்ணிக்கை தப்பி மறுபடியும் முதலிலிருந்து.
இருக்கு.
தரைக்கம்பிகளை ஒரே புள்ளியில் பற்றவைத்தேன்.
"இப்பக் கொஞ்சம் தூரத்தில இருக்கு."

மணி இரண்டரைக்குத்தான்
பருப்பளவுக் கெப்பாசிட்டர் ஒன்றின் முதுகைப் படித்தேன்:
நூற்றுமூன்று.
தாளில் என் கையெழுத்தில் நூற்றிரண்டு.

ஒரு சுழியம் கூடிப்போய்
பத்தில் ஒரு பங்கு வேகத்தில் துடித்து
எங்கள் காதுக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது தவறு.

மாற்றினேன்.
அவள் கண்ணை மூடிக் கேட்டாள், வெகு நேரம்.
அடுத்த வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்கிறதாம்.
"நீங்க மூக்கால இவ்வளவு சத்தமாவா மூச்சு விடுறீங்க?"

கரிந்த ஈய வாடையோடு சிரித்துக்கொண்டிருந்தோம்.
மேசைக்கடியில் தூங்கிய பூனை எழுந்தது.
காதைப் பின்னுக்கு மடித்து
பலகையை ஒருமுறை, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு
வெளியே போய்விட்டது.