நான்காவது போல்ட்

ஏப்ரலில் இங்கே வசந்தம் என்பது
பனி போய் உப்பு வெளியே தெரிவது.
மடவாஸ்கா சாலைகளில் ஐந்து மாதம் தூவியதெல்லாம்
என் டிரக்கின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
மாதக் கடைசிக்குள் ஆய்வு ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும்.
பின்சக்கரத்தில் பிரேக் தேய்ந்துவிட்டதை
போன வாரமே
இரும்பு இரும்பைக் கடித்துச் சொல்லிவிட்டது.

அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து
மல்லாந்து படுத்திருக்கிறேன்.
அவிழ்க்க வேண்டியது நான்கே போல்ட்.
பதினெட்டு மில்லிமீட்டர் என்கிறது கையேடு.
துரு தின்றது போக மிச்சத்தைக்
கையேடு எழுதியவர் பார்க்கவில்லை.
பதினெட்டு வழுக்குகிறது.
பதினேழைச் சுத்தியலால் அடித்து ஏற்றினேன்.

நேற்றிரவே எண்ணெய் விட்டு ஊறவைத்தது.
விடிந்ததும் ஒருமுறை, காபிக்குப் பின் ஒருமுறை.
அடிமேல் அடி அடித்தேன்.
அம்மியாக இருந்தால் இந்நேரம்
ஆற்றைத் தாண்டிக் கனடாவுக்கே போயிருக்கும்.

ரெஜான் சீர் வாசலில் வந்து நின்றார்,
காகித ஆலையில் முப்பத்தோரு வருடம் குழாய் பொருத்தியவர்.
கேஸ் டார்ச்சை இரவல் தந்தார், யோசனையை இனாமாக.
"முதலில் இறுக்கு, ஒடில். இறுக்கினால்தான் இளகும்."
இறுக்கினேன்.
என் தோள் இளகியது.
அவர் சாப்பிடப் போய்விட்டார்.

சுற்றியிருந்த இரும்பு சிவக்கும்வரை சுட்டேன்.
மெழுகு வைத்தால் உள்ளே இறங்கும் என்று கேள்வி.
வீட்டில் இருந்தது பிறந்தநாள் மெழுகுவத்திதான்,
ஒரேயொரு முறை ஏற்றிய ஐம்பது.
ஐந்தைக் காணோம்.
பூஜ்யத்தை உருக்கினேன்.
மறைக்குள் அது தாகத்தோடு போயிற்று.
தூக்கத்தில் நாய் முனகுவதுபோல் ஒரு சத்தம்,
பிறகு கால் சுற்று.
அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே,
எண்ணெய், மறுபடி.
வாடகை பாக்கிக்காரனை வழியனுப்புவதுபோல்
ஒன்றை வெளியே கொண்டுவந்து சேர்த்தேன்.

இரண்டாவது சட்டென்று சுற்றியது.
அது நல்ல சுற்று இல்லை என்று
மணிக்கட்டுக்கு முதலில் தெரிந்தது.
பிடுங்கிய பல்போல் சாக்கெட்டுக்குள் தலை மட்டும்.
உடல் உள்ளேயே.
நடுப்புள்ளி குத்தி, துளையிட்டு, துளையைப் பெரிதாக்கி,
மூன்று மணி நேரம், இரண்டு துளைமுனை,
என் அம்மா கேட்டிருக்கக் கூடாத பிரெஞ்சு.

மூன்றாவதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

நான்காவதற்கு வரும்போது வெளியே இருட்டிவிட்டது.
ஸ்பேனர் பிடியில் நீளக் குழாயைச் செருகி
ஒரு காலைச் சுவரில் ஊன்றி
பல்லைக் கடித்து
மொத்த ஆத்திரத்தையும் சேர்த்து இழுத்தேன்.
வந்துவிட்டது.
முழங்கை போய்ச் சுவரில் மோதியது.
மீதியை விரலாலேயே கழற்றினேன்.

டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
மறை முழுக்கப் பளபளப்பு,
இடுக்கில் இன்னும் ஈரமாகச் செம்பு நிறக் களிம்பு.
யாரோ பூசியிருக்கிறார்கள்.
யாரோ இங்கே படுத்துக் கிடந்து
பின்னால் வருபவரை நினைத்திருக்கிறார்கள்.
கேத்தானாக இருக்காது.
அவன் தொட்ட எதுவும் இப்படிச் சுலபமாகப் பிரிந்ததில்லை.
மெக்கானிக்கிடம் இந்த வண்டி போனதே இல்லை.

பிறகு நினைவு வந்தது.
அவன் பேங்கருக்குப் போன வருடம்,
என் முதல் பிரேக் வேலை, நவம்பர், உறைந்த கை.
ஒரு போல்ட்டுக்குப் பூசியதும் டியூப் தீர்ந்துவிட்டது.
கடை இருபது மைல். பனி ஆரம்பித்திருந்தது.
இந்த வண்டி இன்னும் எத்தனை நாள் ஓடப்போகிறது
என்று சொல்லிக்கொண்டே
மற்ற மூன்றையும் அப்படியே முடுக்கினேன்.

காலையிலிருந்து பெயர் தெரியாத ஒருத்தியை
வாய் ஓயாமல் திட்டியிருக்கிறேன்.

புது போல்ட் நான்குக்கும் தாராளமாகவே பூசினேன்.
விரலில் மிஞ்சியதைத் துடைக்கத் துணி கிடைக்கவில்லை.
கொட்டகைக் கதவின் கீலில் தேய்த்தேன்.
அதுவும் ஏழு வருடமாகக்
கத்திக்கொண்டுதான் இருந்தது.