ஒன்பதாம் தேதிக்கு முன்

பிப்ரவரி இருபத்தெட்டு, இரவு பத்தரை.
பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி கேட் வரைக்கும்
வீடற்றவர்களை எண்ணும் வேலை
எனக்கும் நுஸ்ரத் டீச்சருக்கும்.
கூட வந்த கான்ஸ்டபிளுக்குக் கொசுக்கடி.

தெருவில் படுத்திருந்தவர்கள் நூற்றுப் பதினொன்று.
எண்ணுவது சுலபம், நான் கணக்கு டீச்சர்.
ஆனால் படிவத்துக்குத் தெருவில் படுப்பது போதாது,
வீடே இல்லாமல் இருக்க வேண்டும்.
இவர்களுக்கு வீடு இருக்கிறது.
மால்டாவில், தன்பாத்தில், தேஜ்பூரில்,
பூட்டிய வீடு, சாவி முந்தானை முடிச்சில்.
லாட்ஜுக்கு நாளொன்றுக்கு இருநூற்றைம்பது.
ஸ்கேனுக்கு வரிசை இன்னும் ஒன்பது நாள்.
அதனால் பிளாட்பாரம்.

விதி ஒன்று உண்டு, பயிற்சியில் மூன்று முறை சொன்னார்கள்:
இந்த மாதம் ஒன்பதாம் தேதிக்கு முன்பே வந்து
இன்றுவரை திரும்பாதவர்
இந்த ஊர்.
பின்னால் வந்தவர்
அந்த ஊர்.

நுஸ்ரத் தன் வீட்டு உருதுவை
இந்திப் பக்கமாக வளைத்துக் கேட்டாள்.
நடுவில் ஒரு 'நக்கோ' வந்து விழுந்தது.
படுத்திருந்தவர்கள் சிரித்தார்கள்,
அன்றைக்கு முதல் சிரிப்பாக இருக்கலாம்.

ஐந்து பேருக்கு நிஜமாகவே எதுவும் இல்லை.
இரண்டு பேர் பொங்கலுக்கு முன்னாலேயே வந்தவர்கள்.
ஏழு.

பிறகு கோகுல் பர்மன், கூச்பிகார்.
எக்ஸ்ரே கவரைத் தலைக்கு வைத்திருந்தார்.
எட்டாம் தேதி காட்பாடிக்கு வரவேண்டிய ரயில்,
தாமதம்.
இறங்கியபோது பன்னிரண்டு அடித்திருந்ததா?
தெரியாது. நடைமேடைக் கடிகாரம் ஓடவில்லையாம்.
"இங்கே எழுதினால் ஸ்கேன் சீக்கிரம் கிடைக்குமா?"
என்று கேட்டாள் அவர் மனைவி.
"அங்கே தம்பி என் பேரைச் சொல்லியிருப்பானா"
என்றார் அவர், எங்களிடம் இல்லை,
"நிலம் இன்னும் பிரிக்கவில்லை."

பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.
எதிரே கோட்டை, அகழியில் ஒரு தெருவிளக்கு.

கட்டியவர்கள் தெலுங்கு பேசினார்கள்.
பீஜப்பூரிலிருந்து வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்,
அவர்களிடமிருந்து மராட்டியர்,
பிறகு நவாபு, பிறகு கும்பினி.
மைசூரிலிருந்து கொண்டுவந்து அடைத்தார்கள் ஒரு குடும்பத்தை,
கண்டியிலிருந்து இன்னொன்றை,
கண்டிக்காரர்களின் கல்லறை பாலாற்றுப் பக்கம்.
அவர்களில் எத்தனை பேர் ஒன்பதாம் தேதிக்கு முன்?
கஸ்பா என்கிற சொல் எந்த வண்டியில் வந்து இறங்கியது?
பாபு ராவ் தெருவின் பாபு ராவுக்கு
எந்த ஊரில் வீடு பூட்டிக் கிடந்தது?

ஊர்தான் நகரவில்லை என்றும் சொல்ல முடியாது.
வாணியம்பாடியில் என் நாத்தனார் குணவதி
பிறந்தது வட ஆற்காடு,
கல்யாணம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில்,
பிள்ளைகள் வேலூர் மாவட்டம்,
இப்போது திருப்பத்தூர்.
உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள்,
இரண்டு தெரு தள்ளி.
ரேஷன் கார்டு மட்டும் பயணம் போய்க்கொண்டே இருந்தது.

கான்ஸ்டபிள் மணி பார்த்தார்.
பன்னிரண்டுக்கு இன்னும் ஆறு நிமிடம்.
நுஸ்ரத் என்னைப் பார்த்தாள்.

அந்த ரயில் சரியான நேரத்துக்கு வந்ததாக
நான் முடிவு செய்தேன்.
ஏழை அடித்து ஒன்பது போட்டேன்,
பக்கத்தில் சிறுகையெழுத்து.

பத்து வருஷத்தில் திரும்பவும் வருவார்கள் என்றார்கள்,
வரவில்லை.
அந்தச் சந்தில் இப்போது கடுகெண்ணெய் மணக்கிறது,
பலகைகளில் வங்காள எழுத்து,
மீன்காரர் ஜெகவீரன் 'கத்தோ, கத்தோ' என்கிறவர்களுக்குத்
தமிழிலேயே விலை சொல்கிறார், ஒத்துக்கொள்கிறார்கள்.

வேலூர் மக்கள்தொகை என்று
எங்காவது பழைய எண்ணைப் பார்த்தால்
நான் மனத்துக்குள் இரண்டைக் கழிப்பேன்.
பிறகு
திரும்பக் கூட்டிவிடுவேன்.