ஆறு இலை

மன்சானியோ கடற்கரையில்
விடுதி மதிலைப் பிளந்துகொண்டு நிற்கிறது
மான்ஸ்டெரா.
இலை ஒவ்வொன்றும் ஒரு முறம்.
கிழிசல் வழியே கடல் தெரிகிறது.

வின்னிபெக்கில் எங்கள் வீட்டு
ஹீட்டர் பக்கத்தில் இருப்பதும் இதேதான்.
பதினோரு வருடம், ஆறு இலை.
டிசம்பரில் அதற்கென்று தனி விளக்கு.

தென்னை உச்சியிலிருந்து
இளங்குலைகளைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தார்
எலெயுதேரியோ.
விருந்தாளி மண்டையில் விழுந்தால் வேலை போய்விடும்,
அதனால் இங்கே எந்தக் காயும்
முற்றுவதில்லை.

கீழே வந்தவரிடம்
மான்ஸ்டெராவுக்கு என்ன உரம் என்று கேட்டேன்.
அரிவாளைத் தூக்கிக் காட்டினார்.
வாரம் இருமுறை, சென்யோரா,
இல்லாவிட்டால் நீச்சல்குளத்தைக் குடித்துவிடும்.

கைபேசியில் என் செடியைக் காட்டினேன்.
அடுத்தவர் குழந்தைப் படத்தைப் பார்ப்பதுபோல்
விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.
குளிருமே, என்றார்.
பனியைக் கண்ணால் கண்டிராதவர்.

இரவு ஒக்ஸானா கூப்பிட்டாள்,
செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்திருக்கிறாளாம்.
மீன், மணல், பெலிக்கன்,
தோள் உரிந்தது, எல்லாம் சொன்னேன்.
மதிலைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டுத்
தொட்டி ஓரமாய் வைத்திருந்தாள்.