மீட்டர் எண் பதினேழு

மூடுபனி கடலிலிருந்து மலையேறி வரும்.
வலையில் முட்டும், நிற்கும், சொட்டும்.
இதைச் சொல்லித் தர
அகாதிரிலிருந்து வந்த எஞ்சினியருக்கு
அரை நாள் பிடித்தது.

நான் இஜ்ஜா.
வலை கிழிந்தால் தைப்பவள்,
தொட்டியின் வண்டலை வாருபவள்,
மாதக் கடைசியில் முப்பத்தொரு வீட்டு மீட்டரையும் பார்த்து
நோட்டில் ஏற்றுபவள்.
அந்த நோட்டுக்காகத்தான் எழுதப் படித்தேன்.
கண் திறக்கும், உலகம் விரியும் என்றெல்லாம்
என்னிடம் யாரும் சொல்லவில்லை.
மாதம் நானூறு திர்ஹம் என்றார்கள்.

வகுப்பு நடந்தது பார்லிக் கிடங்கில்.
பத்தொன்பது பெண்கள், கைக்குழந்தை மூன்று,
யம்னாவின் ஆடு ஒன்று
(வீட்டில் விட்டால் மாமியார் விற்றுவிடுவாளாம்).
நாங்கள் பேசுவது ஒரு மொழி,
பலகையில் இருந்தது வேறு.
சொல்லெல்லாம் வலமிருந்து இடம் போகும்,
நடுவே எண் வந்தால்
அது மட்டும் இடமிருந்து வலம்.
"ஒற்றையடிப் பாதையில்
எதிரெதிரே இரண்டு கழுதை வந்தால்
எது டீச்சர் பின்வாங்கும்?" என்றாள் ரகியா.
நஈமா டீச்சருக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது.
அதனால் தாக்குப்பிடித்தோம்.

இந்த மார்ச்சில் பனி வரவில்லை.
வலைகள் வெயிலில் விறைத்துக் கிடந்தன.
கைவேலை இல்லாத மதியம் ஒன்றில்
தகரப்பெட்டியைத் திறந்தேன்.
காஸாபிளாங்கா மளிகைக்கடையில் லஹ்சென் நின்ற
பதினோரு வருடம்,
கடிதம் கடிதமாய்.
வந்த காலத்தில் எனக்கு வாசித்தவர்
கடைக்கார ஹம்மூ.
தராசில் சர்க்கரை ஏற்றி இறக்கியபடி வாசிப்பார்.

இப்போது என் விரல், என் வாய்.
"முந்நூறு அனுப்பியிருக்கிறேன்.
கூரைக்கு உத்தரம் வாங்கு.
கோவேறு கழுதையை விற்காதே. வஸ்ஸலாம்."
அடுத்தது சிமெண்ட் விலை.
அதற்கடுத்தது தம்பியின் கடன்.

"இங்கே மழை பெய்தால் உன் குரல் கேட்கிறது"
இந்த வரியைத் தேடினேன்.
எனக்கு நிச்சயமாகத் தெரியும்.
இதை மடியில் முடிந்துகொண்டுதான்
ஒரு குளிர்காலம் முழுக்கப்
போக இரண்டு மணி, வர இரண்டு மணி,
குடம் சுமந்தேன்.

எந்தத் தாளிலும் இல்லை.
பின்பக்கமும் பார்த்தேன்.

ஹம்மூ போய் ஆறு வருடம்.
இரக்கமா, விளையாட்டா,
வேறு ஏதேனுமா?
கேட்க ஆளில்லை.
லஹ்சென்னுக்கும் எழுத்து தெரியாது.
தபால் ஆபீஸ் வாசலில் மேசை போட்டிருந்தவன்
வரிக்கு இத்தனை என்று காசு வாங்கினானாம்.
மழைக்கும் குரலுக்கும்
அவரிடம் சில்லறை இல்லாமல் போயிருக்கலாம்.
இப்படியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஏப்ரலில் பனி இறங்கியது.
தொட்டி வழிந்தது.
மீட்டர் எண் பதினேழு எங்கள் வீடு.
ஆறாயிரம் லிட்டருக்கு மேல் போனால் மும்மடங்கு.
முள் பதினோராயிரத்தில் நின்றது.
இரவில் திருட்டுத்தனமாய் பாதாங்கன்றுகளுக்கு
ஹோஸ் போட்டது யாரென்று
ஊர் நாய்க்கும் தெரியும்.

பில்லை நானே எழுதினேன்.
நானே கொடுத்தேன்.
அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
என்னிடமே நீட்டினார்.
"வாசி."

ஐயாயிரம் என்று சொல்லியிருக்கலாம்.
வித்தியாசத்தை என் நானூறிலிருந்து போட்டு
மூடியிருக்கலாம்.
பதினோராயிரம் என்றேன். தொகையைச் சொன்னேன்.
அபராதத்தைச் சொன்னேன்.

"வேறு?"

கீழே நான்கு விரல் அகலம் வெற்றுத்தாள்.
அங்கே என்ன இருக்கிறது என்று
அவருக்குத் தெரியாது.
அன்று தராசுக்குப் பின்னால் ஹம்மூ நின்றது
இந்த இடத்தில்தான்.
என் தொண்டை வரைக்கும் ஒரு வரி வந்தது.

"அவ்வளவுதான்" என்றேன்.

முணுமுணுத்தபடி நோட்டுகளை எண்ணி வைத்தார்.
ரசீதில் என் பெயரை இழுத்துப் போட்டேன்.
வடக்குச் சரிவில் மூன்றாம் வலை
கிழிந்திருக்கிறதாம்.
ஊசியும் நைலானும் எடுத்துக்கொண்டு ஏறினேன்.
பனி முழங்கால் வரை வந்திருந்தது.