வராத போன்கள்

கோத்தகிரி மார்க்கெட் மாடியில்
என் இழுப்பறை நிறையச்
செத்த போன்கள்.
இந்த மழைக்கு மட்டும் இருபத்தாறு,
சார்ஜ் துளைக்குள் மேகம் புகுந்து
பச்சை பூத்தவை.
அதில் பத்தொன்பது நீலக் கம்பெனி.

"நீலம் வாங்காதீர்கள்" என்று
அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினேன்.
மாதியக்கா எழுத்துக்கூட்டிப் படித்து
தவணையில் வெள்ளிக் கம்பெனி வாங்கினாள்.

நேற்று மேட்டுப்பாளையம் பஸ்
குஞ்சப்பனை வளைவில் மூச்சு வாங்கி
நின்றே போனது.
"எப்பப் பாத்தாலும் கவர்மெண்ட் பஸ்தான் நிக்குது"
என்றார் பின்சீட்டில் ஒருவர்.
"ஓடுறதும் அதுதானே"
சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னார் கண்டக்டர்.

மெக்கானிக் வர ஒன்றரை மணி நேரம்.
சிக்னல் தேடி
பனிக்குள் உயர்ந்தன கைகள்.
வேறு வேலையில்லை,
எண்ணினேன்.

நீலம் முப்பத்தெட்டு.
வெள்ளி
இரண்டே இரண்டு.

என் இழுப்பறையில் வெள்ளி நான்கு கிடக்கிறது.

ஒரு பஸ் கூட்டத்தை வைத்து
ஊரை எடைபோடலாமா, தெரியாது.
இழுப்பறையை வைத்துப் போட்டவன்தானே நான்.

காலையில் அட்டையைக் கிழித்தேன்.
பாதி வந்தது.
"வாங்காதீர்கள்" மட்டும்
கதவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

கீழே படியேறும் சத்தம்.
மாதியக்கா,
நெஞ்சோடு அணைத்த
அரிசி டப்பாவுடன்.